பள்ளியில் சிங்கப்பூர் கூட்டிப்போனார்கள்: அன்று ரிப்போர்ட்டில் எழுதாமல் விட்டவை

#1 வேளச்சேரிமீன்

வணக்கம். நீளமான பதிவு, பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

என் தம்பி இப்போது பதினொன்றாம் வகுப்பு. போன வாரம் அவன் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கல்விச் சுற்றுலா, சிங்கப்பூர், நான்கு இரவு ஐந்து பகல், தலைக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம், முன்பணம் மாதக் கடைசிக்குள். அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "நீதான் போயிட்டு வந்தியே, நீயே சொல்லு, பிரயோஜனமா இல்லையா?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதே பள்ளி, அதே ஊர். நான் போனது 2023 நவம்பர் கடைசியில். திரும்பி வந்ததும் பள்ளி ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். நேற்று ராத்திரி அதைத் தேடி எடுத்துப் படித்தேன். "கண்கொள்ளாக் காட்சி" மூன்று இடத்தில் வருகிறது, "தூய்மை" ஏழு இடத்தில். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் எந்த ஊருக்கும் பொருந்தும். அதனால் இங்கே ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன், அப்பாவுக்கும் இதையே காட்டுவேன்.

முதலில் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து நாளில் ஒரு முழு நாள் செந்தோசாவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ். ரோலர் கோஸ்டரில் என்ன கல்வி என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, நன்றாகக் கத்திவிட்டு வந்தேன். ஒரு சாயங்காலம் முஸ்தபாவில் ஷாப்பிங். தேசிய அருங்காட்சியகத்துக்கு இருபத்தைந்து நிமிஷம், அதில் பத்து நிமிஷம் பாத்ரூம் வரிசை. நகரத்தையே குட்டியாகச் செய்து வைத்திருக்கும் மாதிரி ஒன்று சிட்டி கேலரியில் இருக்கிறது, பட்டியலில் அதுவும் இருந்தது, பஸ் லேட் என்று ஏஜென்ட் அதை வெட்டிவிட்டார். மூன்று வேளையும் சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு. வயிற்றுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று அப்படி ஏற்பாடாம். ஊரைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பெரும்பாலும் பார்த்தோம்.

ஆனால் எங்கள் கெமிஸ்ட்ரி மிஸ் கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேலை வைத்தார். ஒரு வாரம் வீட்டில் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று எண்ணி எழுதி வரணும். பிளாஸ்டிக் குடம் என்றால் 15 லிட்டர், வாளி என்றால் 18, ஃபிளஷ் ஒரு தடவைக்கு 8 என்று அவரே ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார். பாதிப் பேர் குத்துமதிப்பாக எழுதினார்கள். நான் நிஜமாகவே எண்ணினேன், ஏனென்றால் எனக்கு அது புதுசு இல்லை. 2019 கோடையில் எங்கள் தெருவுக்கு லாரி வந்தபோது வீட்டுக்கு 12 குடம் என்று கணக்கு வைத்து நின்றது நான்தான், அப்போது பன்னிரண்டு வயது. ஐந்து பேருக்கு 12 குடம் என்றால் ஆளுக்கு 36 லிட்டர். அந்த வருஷம் ஜூலையில்தான் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2023இல் எண்ணியபோது ஆளுக்கு நூறு லிட்டர் சொச்சம் வந்தது. "பரவாயில்லையே, பணக்காரங்க ஆயிட்டோம்" என்றாள் அம்மா.

அந்த நோட்டோடுதான் மெரினா பராஜ் என்கிற தடுப்பணைக்குப் போனேன். பார்க்க ஒரு பாலம் மாதிரிதான் இருக்கும், 350 மீட்டர், ஒன்பது மதகு. கடலுக்குப் போய்க்கொண்டிருந்த கால்வாயின் வாயை 2008இல் இப்படி அடைத்துவிட்டார்கள். உள்ளே இருந்த உப்புத் தண்ணீர் மழை விழ விழ மாறி 2010 வாக்கில் நல்ல தண்ணீர் ஏரியாகவே ஆகிவிட்டதாம். மேலே மொட்டைமாடி முழுக்கப் புல், குழந்தைகள் காற்றாடி விட்டுக்கொண்டிருந்தார்கள். கைடு ஒரு சின்ன வயசு அக்கா, சீனப் பெண். ஒருவர் ஒரு நாளைக்கு வீட்டில் சுமார் 140 லிட்டர் பயன்படுத்துகிறார், அதையும் குறைக்கப் பார்க்கிறோம் என்றார். எனக்கு ஒரே ஆச்சரியம். அவ்வளவு பெரிய கட்டடமும் நீச்சல் குளமும் இருக்கிற ஊரில் நானூறு ஐநூறு இருக்கும் என்று நினைத்திருந்தேன். நம் வீட்டைவிட இரண்டரைக் குடம்தான் கூட.

கை தூக்கிக் கேட்டேன்: தண்ணீர் வராத நாட்களில் என்ன செய்வீர்கள்?

அவருக்குக் கேள்வி புரியவில்லை. என் ஆங்கிலம் சரியில்லையோ என்று மறுபடி சொன்னேன். "பைப் ரிப்பேர் ஆனாலா?" என்றார். இல்லை, சும்மா, குழாயில் தண்ணீர் வராத நாள். அவர் எங்கள் மிஸ்ஸைப் பார்த்தார், மிஸ் என்னைப் பார்த்தார். அப்புறம் யோசித்துவிட்டு, அறுபதுகளில் தண்ணீர் ரேஷன் இருந்ததாகத் தன் பாட்டி சொல்லியிருக்கிறார் என்றார். அவ்வளவுதான். அந்த ஊரில் ஐந்து நாள் பார்த்த எல்லாவற்றையும்விட அந்தக் கேள்வி அவருக்குப் புரியாமல் போனதுதான் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. ரிப்போர்ட்டில் இதை எழுதவில்லை. நம் ஊரைக் குறைத்துச் சொன்ன மாதிரி இருக்கும் என்று பயம்.

அடுத்தது நியூவாட்டர் நிலையம். சாக்கடைத் தண்ணீரை நுண்வடிகட்டி, ஆர்.ஓ., புற ஊதா விளக்கு என்று மூன்று படியில் சுத்தம் செய்து, போகும்போது ஆளுக்கு ஒரு பாட்டில் கையில் கொடுத்தார்கள். பத்தொன்பது பேரில் குடித்தது ஆறு பேர். ஒருத்தன் திறந்து மோந்து பார்த்துவிட்டு செடிக்கு ஊற்றினான். நான் குடிக்கவும் இல்லை கொட்டவும் இல்லை, பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்து ஷோகேஸில் வைத்தேன்.

28ஆம் தேதி ராத்திரி வீடு திரும்பினோம். டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். நாங்கள் தரைத்தளம். பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கத் தண்ணீர், ஃபிரிட்ஜ் மிதந்தது, மேல் வீட்டில் ஏறி உட்கார்ந்தோம். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது, கேன் தண்ணீர் மறுநாள் மதியத்தோடு தீர்ந்தது. சுற்றிலும் இடுப்பளவு தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. அப்போது அந்த பாட்டில் ஞாபகம் வந்தது. அப்பா இறங்கிப் போய் எடுத்து வந்தார். பாட்டியிடம் இது எதிலிருந்து எடுத்த தண்ணீர் என்று மறைக்காமல் சொன்னேன். பாட்டி, "காசியிலேர்ந்து உங்க சித்தி சொம்புல கொண்டாந்தாளே, அதை நான் குடிக்கலையா?" என்று சொல்லிவிட்டு அரை பாட்டிலைக் காலி செய்தாள்.

இன்னொன்றும் இருக்கிறது, லிட்டில் இந்தியாவில் பார்த்தது, கை வலிக்கிறது, அப்புறம் எழுதுகிறேன். இப்போது கேள்வி: தம்பியை அனுப்பலாமா?

#2 மோர்மிளகாய்

ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு அரை லிட்டர் சாக்கடைத் தண்ணீர். உலகத்திலேயே விலை உயர்ந்த மினரல் வாட்டர் இதுதான். பாட்டிக்கு என் நமஸ்காரம்.

#3 கணக்குப்பிள்ளை

நான் ஒரு தகப்பனாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே அம்மா.

என் பெண் பள்ளியிலும் இதே சுற்றறிக்கை வந்தது, ஊர் மட்டும் துபாய். நான் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். வீட்டுக்கடன் மாதம் 23 ஆயிரம் போகிறது. முடியாது என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது, ஆனால் "உங்க வீட்டுல அனுப்பலையா?" என்று வகுப்பில் கேட்பார்களே, அதற்கு என் பெண் என்ன பதில் சொல்வாள் என்றுதான் தூக்கம் வரவில்லை. இந்தப் பள்ளிகளுக்கு அது நன்றாகத் தெரியும். "விருப்பம் உள்ளவர்கள் மட்டும்" என்று கீழே சின்ன எழுத்தில் போட்டுவிட்டு, கட்டியவர்கள் பெயரை வகுப்பில் வைத்தே படிக்கிறார்கள். நீ பத்தொன்பது பேர் போனோம் என்று எழுதியிருக்கிறாய். வகுப்பில் மொத்தம் எத்தனை பேர்? போகாதவர்கள் அந்த ஐந்து நாள் என்ன செய்தார்கள்? அதையும் சொல்லு. கல்வி என்றால் எல்லோருக்கும்தானே.

அப்புறம் நீ எழுதியதிலேயே பார், உனக்கு உருப்படியாகக் கிடைத்தது மிஸ் கொடுத்த குடக்கணக்கு. அதற்கு விமான டிக்கெட் எதற்கு? செம்பரம்பாக்கம் போதாதா?

#4 ஜூரோங்ஈஸ்ட்

தங்கச்சி, நான் இங்கே பதினோரு வருஷமாக இருக்கிறேன். வொர்க் பர்மிட்டில் வந்து இப்போது அதற்கு மேல்நிலை வேலை அனுமதியான எஸ் பாஸ். ஊர் பட்டுக்கோட்டை பக்கம். உன் பதிவைப் படித்ததும் லீவு நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நியூவாட்டர் பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள், சரி. அந்தத் தண்ணீர் அங்கே எப்படி வந்து சேர்கிறது என்று காட்டியிருக்க மாட்டார்கள், காட்டவும் முடியாது, ஏனென்றால் அது தரைக்குக் கீழே இருக்கிறது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரைக்கும் 48 கிலோமீட்டர் ஆழ்சுரங்கச் சாக்கடை, 2008இல் முடிந்தது. ஊரின் வடக்கு, கிழக்குப் பக்கம் வீட்டில் போகிற கழிவுநீர் எல்லாம் சரிவிலேயே அதில் ஓடி சாங்கி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும், வழியில் பம்ப் வைத்துத் தள்ள வேண்டியதில்லை. இரண்டாம் கட்டம் மேற்குப் பக்கம், துவாஸுக்கு. அதில்தான் நான் நான்கு வருஷம் சேஃப்டி வேலை பார்த்தேன். சுரங்கத்தில் இறங்கினால் மேலே நோன்புப் பெருநாளா, சீனப் புத்தாண்டா, மழையா, வெயிலா ஒன்றும் தெரியாது. ஷிஃப்ட் முடிந்து மேலே வந்து பார்த்தால் ரோடெல்லாம் ஈரமாக இருக்கும், ஓ மழை பெய்திருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். கூட இருந்தவர்கள் வங்காளதேசம், நம் ஊர், சீனா, மியான்மர்.

நான் குறை சொல்ல இதை எழுதவில்லை. இந்த ஊரில் சம்பளம் சொன்ன தேதியில் வரும், தலைக்கவசம் போடாவிட்டால் முதலாளியையும் பிடிப்பார்கள். ஆனால் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் மரீனா பே பக்கம் நின்று "எப்படிக் கட்டியிருக்காங்க பாரு" என்று காட்டும்போது "யார்" என்பதையும் காட்டினால் நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் தேக்கா மார்க்கெட் பக்கம் வந்தாலே போதும், டிக்கெட் எதுவும் வாங்க வேண்டாம்.

லிட்டில் இந்தியாவில் என்ன பார்த்தாய், எழுது.

#5 வேளச்சேரிமீன்

ஜூரோங் அண்ணா, நான் எழுதாமல் விட்டது அதுதான். நீங்கள் எழுதியதைப் படித்ததும் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கிறது.

26ஆம் தேதி ஞாயிறு சாயங்காலம். சிராங்கூன் ரோட்டில் எங்களை இறக்கிவிட்டு, வரிசையாக வாங்க, யாரோடும் பேசாதீங்க என்றார்கள். அவ்வளவு கூட்டம். ரங்கநாதன் தெரு மாதிரி, ஆனால் முக்கால்வாசி ஆண்கள், எல்லோரும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை. போர்டெல்லாம் தமிழ். காலையில் எங்கள் மிஸ் ஒரு நாணயத்தைக் காட்டியிருந்தார், அதன் ஓரத்தில் "சிங்கப்பூர்" என்று தமிழில் இருக்கும், அதைப் பார்த்து நாங்கள் எல்லாம் பெருமையாகக் கைதட்டினோம். சாயங்காலம் பேசாதே என்று சொல்லப்பட்டவர்களும் அதே தமிழ்தான் பேசினார்கள்.

ஒரு ஃபோன் கார்டு கடைக்கு முன்னால் எங்கள் வரிசை நின்றுபோனது. பக்கத்தில் நின்ற ஒருவர், என் அப்பா வயது இருக்கும், "எந்த ஊரு பாப்பா?" என்றார். சென்னை என்றேன். அவர் அறந்தாங்கியாம். ஸ்கூலில் கூட்டி வந்திருக்கிறார்கள் என்றதும் ரொம்ப சந்தோஷப்பட்டார், நிஜமாகவே. "எத்தனாவது?" பதினொன்று. "எம்பொண்ணும் பதினொண்ணுதான். அதுங்க ஸ்கூல்லயும் டூர் உண்டு, பெரிய கோயில், அப்புறம் கல்லணை. எண்ணூறு ரூவா கேட்டுச்சு, நேத்துதான் போட்டுவிட்டேன்." சொல்லிவிட்டு ஃபோனில் பெண்ணின் படத்தைக் காட்டினார். யூனிஃபார்மில், இரட்டைச் சடை. நான் "நல்லா இருக்காங்க" என்றேன், வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. என் தோளில் இருந்த பையில் முஸ்தபாவில் வாங்கிய சாக்லேட்டே எண்ணூறு ரூபாய்க்கு மேல் இருக்கும். சார் வந்து "லைனை விட்டு வெளிய வராதே" என்று இழுத்துக்கொண்டு போனார். அந்த மாமா சாரைப் பார்த்தும் வணக்கம் சொன்னார். சார் பார்க்கவில்லை.

கணக்குப்பிள்ளை அங்கிள், உங்கள் கேள்விக்கு: வகுப்பில் 42 பேர், போனது 19. மற்றவர்களை பக்கத்து செக்‌ஷனோடு உட்காரவைத்தார்கள், பாடம் நடக்கவில்லை, "நாங்க செம ஜாலியா இருந்தோம்" என்று என் தோழி சொன்னாள். எல்லா விஷயத்தையும் தோண்டித் தோண்டிக் கேட்பவள், சிங்கப்பூர் போட்டோ காட்டு என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் காட்டவில்லை. பெயரை வகுப்பில் படிப்பது எங்கள் பள்ளியிலும் நடந்தது.

#6 சாக்பீஸ்

ஓய்வுபெற்ற ஆசிரியன். இருபத்தாறு வருஷம் பிள்ளைகளை டூர் கூட்டிப் போயிருக்கிறேன், அதில் இரண்டு முறை வெளிநாடு. கொஞ்சம் உள்விவகாரம் சொல்கிறேன், பெற்றோருக்கு உதவும்.

ஏஜென்ட் விலைக்குள் ஆசிரியர்களின் டிக்கெட்டும் சேர்ந்துதான் இருக்கும். பதினைந்து பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் இலவசம் என்பார்கள், இலவசம் ஒன்றும் கிடையாது, அந்தப் பதினைந்து பேர் தலையில்தான் விழுகிறது. தவறு இல்லை, ஆசிரியர் வரத்தானே வேண்டும், ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சுற்றறிக்கையில் இடங்களின் பெயர் மட்டும் இருக்கும், எவ்வளவு நேரம் என்று இருக்காது. அதை எழுத்தில் கேளுங்கள். "அருங்காட்சியகம்" என்று போட்டிருந்தால் வாசலில் குரூப் போட்டோ எடுத்தாலும் கணக்கு சரியாகிவிடும். கடையில் எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள் என்றும் கேளுங்கள், சில கடைகளில் கூட்டி வந்தவருக்கு ஏதாவது உண்டு.

பாஸ்போர்ட்டை ஆசிரியர் வாங்கி வைத்துக்கொள்வார், நகல் ஒன்று பிள்ளையின் பையில் தனியாக இருக்கட்டும். பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து, உணவு எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒரு தடவை கொழும்பில் ஒரு பையனுக்கு மூச்சுத்திணறல் வந்து, அவனுக்கு வீசிங் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும். அந்த ராத்திரியை இன்னும் மறக்கவில்லை.

கணக்குப்பிள்ளை சொன்னது நியாயம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளை 2022இல் ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கு அரசே தன் செலவில் கூட்டிப் போனது. போட்டி வைத்து, ஜெயித்தவர்களை. எண்ணிக்கை குறைவுதான், ஆனால் தேர்வு அப்பாவின் பர்ஸை வைத்து நடக்கவில்லை. தனியார் பள்ளிகளும் பத்துப் பேருக்கு ஒரு பிள்ளையைக் காசில்லாமல் கூட்டிப் போகலாம், மனசு இருந்தால்.

ஒன்று மட்டும் மாறுபடுகிறேன். செம்பரம்பாக்கம் போதுமே என்கிறார். போதும்தான், ஆனால் செம்பரம்பாக்கத்தில் நின்று இந்தப் பெண் "தண்ணீர் வராத நாளில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் யாரும் முழித்திருக்க மாட்டார்கள். லாரி வரும் என்று பதில் சொல்லியிருப்பார்கள்.

#7 குழாயடி

குடிநீர்த் துறையில் வேலை பார்த்தவன். இழை நன்றாகப் போகிறது, ஆனால் இரண்டு ஊரையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் சில சிக்கல் இருக்கிறது.

முதலாவது மழை. அங்கே வருஷத்துக்கு சுமார் 2,400 மில்லிமீட்டர், வருஷம் முழுக்கப் பரவலாகப் பெய்யும். நமக்கு 1,400, அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மூன்று மாத மழையை ஒன்பது மாதத்துக்குப் பிடித்து வைக்கணும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் நிரம்பினால் 11 டிஎம்சி சொச்சம் (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி). அவ்வளவுதான் நம் பானை.

இரண்டாவது, அவர்களுக்கும் சொந்தத் தண்ணீர் போதாது. 1962 ஒப்பந்தப்படி ஜொகூரிலிருந்து ஒரு நாளைக்கு 25 கோடி கேலன் வரைக்கும் எடுக்கலாம், அது 2061இல் முடிகிறது. அந்தத் தேதியை வைத்துத்தான் அவர்கள் நியூவாட்டர், கடல்நீர், ஏரி என்று எல்லாவற்றையும் திட்டமிடுகிறார்கள். பயம்தான் பொறியியலாக மாறியிருக்கிறது. நியூவாட்டரிலும் பெரும்பகுதி சிப் தொழிற்சாலைகளுக்குத்தான் போகிறது, குடிப்பதற்கு ஏரியில் கொஞ்சம் கலப்பதோடு சரி.

மூன்றாவது, நம் ஊரில் ஒன்றுமே இல்லை என்று நினைக்காதே அம்மா. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரைக்கும் கொண்டுபோகும் நிலையங்கள் 2019இலிருந்து ஓடுகின்றன, மணலி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. நீ கடல் தாண்டிப் போய்ப் பார்த்தது உன் வீட்டிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்திலும் இருக்கிறது. மீஞ்சூரில் 2010இலிருந்து கடல்நீர் ஆலை, நெம்மேலியில் 2013இலிருந்து, அங்கேயே இரண்டாவது 2024இல். மழைநீர் சேகரிப்பு 2003இலேயே கட்டாயம் ஆனது. நாம் பாட்டிலில் போட்டுப் பிள்ளைகளிடம் கொடுப்பதில்லை, அதுதான் வித்தியாசம்.

நான்காவது வெள்ளம். பராஜில் ஏழு ராட்சச பம்ப் பார்த்திருப்பாய், ஒவ்வொன்றும் நொடிக்கு 40 கன மீட்டர். அலை ஏற்றத்தில் மழை பெய்தால் மதகைத் திறக்க முடியாது, அப்போது பம்ப் வைத்துக் கடலுக்குத் தள்ளுவார்கள். அந்த ஊரிலும் 2010இல் ஆர்ச்சர்ட் ரோடு கடைத்தெருவில் வெள்ளம் புகுந்தது. வேளச்சேரி கதை வேறு. உன் வீடு இருக்கும் இடம் ஏரியின் வயிற்றில். மேலே இருந்து வருகிற தண்ணீரெல்லாம் பள்ளிக்கரணை சதுப்புக்குப் போய், அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற ஒரே வாசல் வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து கோவளத்தில் கடல் சேரணும். சதுப்பு பழைய அளவில் பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. புயல் நேரத்தில் கடலும் வாயை மூடிக்கொள்ளும். பம்ப் வாங்கி வைத்தாலும் எங்கே தள்ளுவது?

#8 மோர்மிளகாய்

எங்கே தள்ளுவது, வேளச்சேரிமீன் வீட்டுக்குள்ளேதான். பெயரைச் சரியாகத்தான் வைத்திருக்கிறாய் தாயே.

#9 தெம்பனிஸ்பொண்ணு

ஹாய், நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். தமிழில் எழுதும்போது பிழை இருந்தால் மன்னிக்கவும், தாய்மொழிப் பாடமாகப் படித்ததுதான்.

அக்கா, உங்கள் கேள்வி எனக்கும் புரிந்திருக்காது, உண்மையைச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் ஒரு நாள் "தண்ணீர் ரேஷன் பயிற்சி" நடந்தது. குழாயை எல்லாம் மூடிவிட்டு, வாளியோடு வரிசையில் நிற்கவைத்து அளந்து ஊற்றினார்கள். 1960களில் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமாம். நாங்கள் சிரித்துக்கொண்டே செல்ஃபி எடுத்தோம். நீங்கள் பன்னிரண்டு வயதில் நிஜமாகவே நின்ற வரிசை எங்களுக்கு ஒரு பீரியட் விளையாட்டு. இப்போது படிக்கும்போது என்னவோ போல் இருக்கிறது.

எங்கள் பள்ளித் தமிழ் மாணவர்களை 2024இல் மதுரைக்குக் கூட்டிப் போனார்கள், கீழடி அருங்காட்சியகம், மீனாட்சி அம்மன் கோயில் எல்லாம். நானும் திரும்பி வந்து ரிப்போர்ட் எழுதினேன், "நமது வேர்களைக் கண்டு வியந்தேன்" என்று. நிஜமாக எனக்கு ஞாபகம் இருப்பது என்ன தெரியுமா? பஸ் நின்ற இடத்தில் ஒரு பாட்டி பூ விற்றுக்கொண்டிருந்தார். நான் என் தமிழில் "இதன் விலை என்ன?" என்று கேட்டேன். பாட்டி சிரித்து சிரித்து, பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "இந்தப் புள்ள ரேடியோ மாதிரி பேசுது பாரு" என்றார். இரண்டு முழம் சும்மாவே கொடுத்தார். எனக்கு அழுகையும் வந்தது சிரிப்பும் வந்தது. வீட்டில் அப்பா அம்மாவே ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள், என் தமிழ் எல்லாம் வகுப்பறைத் தமிழ்.

அப்புறம் ஒரு திருத்தம், ஹாக்கர் சென்டரில் (சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் இடம்) சாப்பிடாமல் போனது பெரிய நஷ்டம்!

#10 வேளச்சேரிமீன்

ரேடியோ மாதிரி தமிழ் நன்றாகவே இருக்கிறது, பிழை ஒன்றும் இல்லை.

ஹாக்கர் சென்டருக்கு ஒரே ஒரு முறை போனோம், ஜூஸ் குடிக்க. குடித்துவிட்டு டம்ளர், தட்டு எல்லாம் மேஜையிலேயே விட்டு எழுந்தோம். பக்கத்து மேஜைத் தாத்தா ஒன்றும் பேசாமல் மூலையில் இருந்த அலமாரியை விரலால் காட்டினார். 2021இலிருந்து சாப்பிட்டவர்களே தட்டை எடுத்து வைக்கணும் என்று அங்கே சட்டமே இருக்கிறதாம். பத்தொன்பது பேரும் திரும்பி வந்து எடுத்து வைத்தோம். வீட்டில் இதைச் சொல்லாமலேயே இருந்திருக்கலாம், அன்றிலிருந்து அம்மா, "சிங்கப்பூர்ல மட்டும் எடுப்பியா?" என்று ஒவ்வொரு வேளையும் கேட்கிறாள்.

குழாயடி சார், கொடுங்கையூர் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. அது ஒன்று போதும் இந்த இழைக்கு. எங்கள் மிஸ்ஸுக்கு அனுப்பிவிட்டேன். அனுமதி கேட்டுப் பார்க்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறார்.

#11 கணக்குப்பிள்ளை

கடைசியில் அப்பா என்ன முடிவு எடுத்தார்? அதைச் சொல்லாமல் போகாதே. என் வீட்டில் நேற்று துபாய் இல்லை என்று சொல்லிவிட்டேன். பெண் ஒன்றும் சொல்லவில்லை, சரிப்பா என்றாள். அந்த "சரிப்பா" இருக்கிறதே.

#12 வேளச்சேரிமீன்

அங்கிள், அவளோடு நான் பேசட்டுமா? தனி மடலில் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் இழையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், அறந்தாங்கி மாமா வந்த இடத்தில் அப்பா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். முடிவு இன்னும் ஆகவில்லை. சாக்பீஸ் ஐயா சொன்ன மாதிரி எந்த இடத்தில் எவ்வளவு நேரம் என்று பள்ளிக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறார், கூடவே வகுப்பில் பெயர் படிக்க வேண்டாம் என்றும் ஒரு வரி. நான்கு நாளாகப் பதில் இல்லை. தம்பியிடம் எப்படியும் ஒரு வாரம் குடம் எண்ணு என்று சொல்லியிருக்கிறேன். அவன் எண்ண மாட்டேன் என்று மோட்டார் ஓடுகிற நேரத்தை ஃபோனில் போட்டுக் கணக்கெடுக்கிறான். வாஷிங் மெஷின்தான் பெரிய குற்றவாளி என்று கண்டுபிடித்து அம்மாவிடம் சண்டை.

#13 ஜூரோங்ஈஸ்ட்

தம்பி வருவதாக இருந்தால் தேதியைச் சொல்லு தங்கச்சி. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால்தான் எனக்கு வசதி, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், தேக்கா மார்க்கெட் வாசலில். பரோட்டா வாங்கிக் கொடுக்கிறேன், சார் லைனை விட்டு வெளியே விட்டால்.